ஆறு மீட்டரில் இருபத்திரண்டு நிமிஷம்

இருபத்தாறு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு தடவைகூட ‘முடியாது’ என்று சொன்னதில்லை. இதைப் படித்துப் பொறாமைப்படுகிற பெண்கள் கொஞ்சம் பொறுக்கவும். ‘சரி’ என்றும் அவர் சொன்னதில்லை.

எதைக் கேட்டாலும் எழுந்து போய்விடுவார். அதுதான் பதில்.

“ஏங்க, எங்க அண்ணன் வீடு குடிபோறதுக்கு வியாழக்கிழமை போகணுமே.”

“கடையில ஆள் நிக்கும், வாரேன்.”

“ஏங்க, பின்சுவத்துல ஓதம் ஏறுது.”

“தொழுகைக்கு நேரமாச்சு, வாரேன்.”

மதியத் தொழுகையான லுஹருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

அவருக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தக் கேள்விக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டும்வரை வீட்டில் உட்காராமல் இருந்துவிட்டால் கேள்வி தானாகச் செத்துப்போகும். என் அண்ணன் நாங்கள் இல்லாமலே குடிபோனார். சுவர் ஓதத்துக்குத்தான் கடைசித் தேதி இல்லை. அது நிதானமாக ஜன்னல்வரை வந்துவிட்டது.

அவர் பெயர் அப்துல் ரசாக். வயது ஐம்பத்தொன்று. மகபூப்பாளையத்தில் வீடு, டவுனுக்குள் குக்கர், கேஸ் அடுப்பு பழுதுபார்க்கிற கடை. நான் அமீருன்னிசா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள். அதற்குப் பிறகு கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. பஸ் ஏறியதும் கேஸை மூடினேனா என்று கவலை. மூடியது நினைவு வந்தால், மூடியதாக நினைவு வருகிறதே, அது நேற்றைய நினைவோ என்று கவலை.

ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காராத இந்த மனிதர், கடலுக்குள்ளே போய் அசையாமல் நிற்பதற்குப் படிக்கப் போகிறேன் என்று ஒரு நாள் அறிவித்தார்.

ஆரம்பம் ஒரு கல்யாணம். இரண்டு வருஷம் முன்னால் தூத்துக்குடியில். பிரியாணிக்கு இன்னும் தம் போடவில்லை என்றதும் கடற்கரைப் பக்கம் நடந்தார். அங்கே தவசி என்கிறவர் டைவிங் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய காற்று அடைக்கிற மெஷினில் ஒரு வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற வால்வைப் பார்த்தால் இவருக்குக் கை சும்மா இருக்காது. சரிபண்ணிக் கொடுத்தார். தவசி நன்றிக்காக அவரைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போன மாமா மீனாகித் திரும்பி வந்தார்.

முதல் வகுப்பு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. வைகையில் முழங்கால் நனையத் தண்ணீர் இல்லாத ஊரில், எங்கள் கொடியில் மட்டும் ஒரு ஜோடி கால்துடுப்பு எப்போதும் காய்ந்துகொண்டிருந்தது.

“அமீரு, அடுத்தது டெக்னிக்கல் டைவிங். நாப்பத்தஞ்சு மீட்டர்.”

“நீளமா?”

“ஆழம்.”

“நம்ம வீடு எம்புட்டு உசரம்?”

“ஏழு மீட்டர் இருக்கும்.”

“அப்ப ஆறு வீட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அதுக்கும் கீழ போறீக.”

“ஆறரை வீடு,” என்றார் பெருமையாக.

“போயி?”

“பாப்பேன்.”

“எதை?”

எழுந்து போய்விட்டார்.

போவது கஷ்டமில்லையாம். வருவதுதான் கஷ்டமாம். ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே மூச்சு விட விட, காற்றில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் போய் ஒளிந்துகொள்கிறது. சட்டென்று மேலே வந்தால் அத்தனையும் குமிழாகக் கிளம்பும். அதனால் ஏறும்போது அங்கங்கே நின்று, அது மெதுவாக மூச்சில் வெளியேறிய பிறகுதான் அடுத்த படி. எங்கே எத்தனை நிமிஷம் என்று இறங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு டீகம்ப்ரெஷன் பிளானிங் என்று பெயர்.

“நடுவுல நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா? சட்டுனு மேல வந்துரலாம்ல?”

“வரக்கூடாது. தலைக்கு மேல தண்ணிதான் இருக்கும். ஆனா கான்கிரீட் போட்ட மாதிரின்னு நெனச்சுக்கணும். நேரம் முடியாம வந்தா கை கால் விளங்காமப் போயிரும்.”

இதை அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நிற்பதுதான் பாடம் என்பதால் நிற்கப் பழகினார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு நைலான் கயிற்றைத் தொங்கவிட்டு, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை வாட்ச்சைப் பார்த்தபடி காலையில் நிற்பார். வாயில் மூச்சுக்குழாய்க்குப் பதிலாக ஒரு குக்கர் கேஸ்கெட். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த மலையம்மாள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏக்கா, அண்ணே எதுக்குக் கயித்தைப் பிடிச்சிட்டு நிக்கிறாக?”

“பன்னெண்டு மீட்டர்ல நிக்கிறார்.”

“யாரு?”

“இவருதான். இன்னும் மூணு நிமிஷத்துல ஒம்பதுக்கு வருவார்.”

“வாயில என்ன?”

“அஞ்சு லிட்டர் கேஸ்கெட்.”

மலையம்மாள் துணி வாளியைக் கீழே வைத்தாள். “ஏதாச்சும் கேட்டா பதில் பேச முடியாதா?”

“முடியாது.”

“எந்திரிச்சும் போக முடியாது?”

“நேரம் முடியிற வரைக்கும் முடியாது.”

“குடுத்து வெச்சவ நீ,” என்று சொல்லிவிட்டு அவள் சேலையை உதறினாள். அன்றைக்கு எனக்கு அது வெறும் பேச்சாகத்தான் தெரிந்தது.

அவருக்கு எதையும் உரக்கப் படித்தால்தான் மண்டையில் ஏறும். இரண்டு மாதம் கூடத்தில் உட்கார்ந்து அவர் படிக்க, அடுப்படியில் நின்று நான் கேட்டேன். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை. கத்தரிக்காய் நறுக்குகிறவளுக்குக் காதை மூட ஏது கை. அப்படியே புத்தகம் முழுக்க எனக்குள் இறங்கிவிட்டது. அவருக்கு இறங்கவில்லை.

“ஏன் படிப்படியா நிக்கணும்னு விளங்கவே மாட்டேங்குது. ஒரே எடத்துல மொத்தமா நின்னுட்டு வந்தா என்னவாம்?”

“நோன்பு தொறக்கையில மொதல்ல என்ன எடுப்பீக?”

“பேரீச்சம்பழம்.”

“அப்புறம்?”

“தண்ணி. கஞ்சி.”

“சாப்பாடு?”

“தொழுதுட்டு வந்து.”

“போன நோன்புக்கு ஒரு நாள் பாங்கு சொன்ன கையோட பிரியாணித் தட்டை இழுத்தீகளே, என்னாச்சு?”

அவர் தன்னையறியாமல் வயிற்றைத் தடவினார்.

“அதேதான். மொதப் படியில ஒரு நிமிஷம், பேரீச்சம்பழம். அடுத்தது ரெண்டு நிமிஷம், தண்ணி. மேல வர வர நேரம் கூடும். கடைசி ஆறு மீட்டர்தான் சாப்பாடு. அங்கதான் நிதானமா நிக்கணும்.”

அவர் என்னைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் புத்தகத்தில் பாதி எனக்குப் புதிதே இல்லை. மூன்று மீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டால் என்ன செய்வது? மூன்று நிமிஷம் கூடுதலாக இருந்துவிட்டால்? கூட வந்தவருடைய காற்று தீர்ந்தால்? வாட்ச் நின்றால்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கணக்கை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டுமாம். இருபத்தாறு வருஷமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் இதற்குப் புலம்பல் என்று பெயர். கடலில் இதற்குப் பாடத்திட்டமே இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் நாஸியாவுக்கு வேலை வந்தது. இன்ஜினியரிங் முடித்தவள். கோயம்புத்தூரில் அழுத்தமானி செய்கிற ஒரு கம்பெனி. செய்த கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துப் பார்க்கிற வேலை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகிறேன் என்று பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“நீ பாட்டுக்கு அனுப்பு தாயி, நான் பாத்துக்கிறேன்,” என்றேன்.

“அத்தா வாயைத் தொறந்து சரின்னு சொல்லணும்மா. இல்லாட்டி போக மாட்டேன். நாளப்பின்ன ‘நான் எப்ப அனுப்பினேன்’னு கேட்டா நான் எங்கே போயி நிப்பேன்?”

அவள் சொன்னதும் நியாயம். அத்தாவை அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். நான் நாலைந்து நாளில் பதினொரு தடவை கேட்டேன். பதினொரு தடவையும் எழுந்து போனார். ஒரு தடவை இட்லி கையோடு போனார்.

திங்கட்கிழமை தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். “சனிக்கிழமை எனக்குப் பரிட்சை டைவ். வெள்ளிக்கிழமை போறேன். ஞாயித்துக்கிழமை வந்திருவேன். கடல்ல சிக்னல் கிடைக்காது.”

நாஸியா என்னைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடியோவில் தவசி வாய்மொழித் தேர்வு வைத்தார். போன் கூடத்து மேஜையில் ஒரு குக்கர் மேல் சாய்ந்து நின்றது. நான் அடுப்படி வாசலில், படத்தில் விழாத இடத்தில்.

“அண்ணே, நீங்க நாப்பத்தஞ்சுல இருக்கீங்க. ஏறும்போது மூச்சு விடுறதுக்குப் பக்கத்துல கட்டுற சிலிண்டர் இருக்குல்ல, ஆக்சிஜன் கூடுதலா கலந்தது. அது வேலை செய்யல. என்ன பண்ணுவீங்க?”

இவர் விட்டத்தைப் பார்த்தார். கேஸ்கெட்டைப் பார்த்தார். “அப்படியெல்லாம் ஆகாது தம்பி. நானே வால்வைக் கழட்டி மாட்டியிருக்கேன்.”

“ஏன் ஆகாது?” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

“யாரு, மதினியா? சொல்லுங்க மதினி.”

“ஆகும்னு நெனச்சுத்தானே தம்பி எறங்கணும். முதுகுல இருக்கிற காத்தை மூணு பங்கா வெச்சிருக்கணும். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக்கூடாது. பக்கத்துல கட்டுன சிலிண்டர் கைவிட்டா, சாதாக் காத்துல ஒவ்வொரு ஸ்டாப்பும் நீளும். அந்த நீளத்துக்குத் தனியா ஒரு அட்டை எழுதி எடுத்துட்டுப் போகணும். கூட வர்றவர் சிலிண்டரை மாத்தி மாத்தி வாங்கிக்கலாம். ஆனா அவருக்கும் கைவிட்டா என்ன பண்றதுன்னு அதையும் எழுதியிருக்கணும். அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். அந்த அட்டையைத் தொலைச்சிட்டா?”

தவசி நாற்காலியை முன்னால் இழுக்கிற சத்தம் போனில் கேட்டது.

“ரெண்டு அட்டை எடுத்துட்டுப் போகணும் மதினி,” என்றார் தவசி மெதுவாக. “பதினாறு வருஷமாச் சொல்லிக்கொடுக்கிறேன். தைரியமான ஆளுங்க நெறைய வர்றாங்க. கவலைப்படத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வர மாட்டேங்கிறாங்க. இந்தப் படிப்புக்கு அதுதான் வேணும்.”

என் வாழ்க்கையில் இந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கையில் இருந்த கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“போட்டுல இருந்து நேரம் பாக்கிற எங்க ஆளுக்குக் காய்ச்சல். மதினி, நீங்க வாரீங்களா? பிளானையும் நீங்களே போடுங்க. நான் சரிபாத்துக்கிறேன்.”

“அவளுக்கு வேலை கெடக்கு,” என்றார் இவர் அவசரமாக.

“பரிட்சைக்கு மூணு தேதி குடுத்தேன் மதினி. அடுத்த வாரம்கூட வெச்சுக்கலாம்னேன். அண்ணன்தான் இந்தச் சனிக்கிழமைதான்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் எழுந்தார். தேர்வு முடியவில்லை என்று தவசி சொன்னதும் உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோதுதான் மலையம்மாள் சொன்னது எனக்கு உறைத்தது.

“வாரேன் தம்பி,” என்றேன்.

வெள்ளிக்கிழமை திருநகர் ஹரிஷ்குமார் காரில் தூத்துக்குடிக்குப் போனோம். அவர் பல் டாக்டர், இவரோடு சேர்ந்து படிக்கிறவர், நாளைக்கு இவருக்குத் துணையாக இறங்கப்போகிறவர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தும் பேசமுடியாமல் கிடப்பது அவருக்குத் தினசரிப் பழக்கம்.

அன்று சாயங்காலம் தவசியின் மேஜையில் உட்கார்ந்து பிளான் எழுதினேன். நாற்பத்தைந்து மீட்டர், இருபத்தைந்து நிமிஷம். பிறகு இருபத்தொன்றில் ஒரு நிமிஷம், பதினெட்டில் ஒன்று, பதினைந்தில் இரண்டு, பன்னிரண்டில் மூன்று, ஒன்பதில் ஐந்து. ஆறில் இருபத்திரண்டு. நிற்கிற நேரத்தைத் தானே காட்டுகிற கணக்குக் கருவி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆழமும் நேரமும் காட்டுகிற வாட்ச்சும் இந்த அட்டையும் மட்டும்தான் பரிட்சைக்கு. எழுதி முடித்துத் தவசியிடம் தனியாக ஒரு சந்தேகம் கேட்டேன். அவர் சிலிண்டரில் இருக்கும் காற்றை ஒரு தடவை கணக்குப் பார்த்தார். சிரித்தார். கையெழுத்துப் போட்டார். ஹரிஷ்குமார் ஒவ்வொரு வரியாகப் படித்து, கடைசி வரியில் நின்று, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இவரோ, மூக்குக்கண்ணாடி பைக்குள் இருக்கிறது என்று சொல்லி, படிக்காமலே போட்டார்.

“சரிபாக்கலையா அண்ணே?” என்றார் தவசி.

“இவ போட்ட கணக்குல எங்க தப்பு வரப்போகுது,” என்றார். பாராட்டுகிறாரா, சோம்பல்படுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. போட்டை ஓட்டியவர் பேயாண்டி. அவருக்கு அறுபது வயதிருக்கும், பேச்சு குறைவு. இரண்டு மணி நேரம் போனோம். கரை மறைந்தது. என் காலை டிபனும் மறைந்தது, கடலுக்குள். தவசியையும் சேர்த்து மூன்று பேரும் கறுப்பு உடுப்பில், முதுகில் இரண்டு, பக்கத்தில் ஒன்று என்று சிலிண்டர் கட்டிக்கொண்டு, நங்கூரக் கயிறு வழியாக இறங்கினார்கள். கடைசியாக இவர் தலை மறைந்தது. நான் வாட்ச்சை அழுத்தினேன்.

அந்த இருபத்தைந்து நிமிஷத்தை நான் எழுதப்போவதில்லை. குமிழி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வராத மாதிரி இருந்தது. பேயாண்டி சட்டையைப் பிடித்துவிட்டேன்.

“அந்தப் பக்கம் வருது பாருங்கம்மா,” என்றார் அவர். “சட்டையை விடுங்க.”

ஆனால் ஏற்றம் தொடங்கியதும் எனக்கே ஒரு நிதானம் வந்தது. கயிறு மெல்ல அசைந்தது. ஒவ்வொரு படியும் நான் எழுதிய நிமிஷத்தில். கடைசியில் ஆறு மீட்டரில் மூன்று உருவம் தெளிந்த தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாகத் தொங்கியது தெரிந்தது. நடுவில் இருப்பவர்தான் இவர். இருபத்திரண்டு நிமிஷம். வாயில் குழாய். தலைக்கு மேலே கூரை.

நான் தண்ணீரில் எழுதுகிற வெள்ளைப் பலகையை எடுத்தேன். பென்சிலால் எழுதினேன். வேறொரு மெல்லிய கயிற்றில் மாட்டி இறக்கினேன்.

‘நாஸியா வேலைக்குப் போகலாமா?’

ஒரு நிமிஷம் கழித்து இரண்டு இழுப்பு. பலகையைத் தூக்கினேன்.

‘கண்ணாடி இல்லை. எழுத்து தெரியவில்லை.’

“தெரியாமலா கேள்விக்குப் பக்கத்துல இம்புட்டு நேரா எழுதியிருக்கார்?” என்றார் பேயாண்டி. அன்றைக்கு அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

துடைத்துவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு எழுதினேன். ‘நாஸியா. வேலை. சரியா?’

‘மேலே வந்து பேசலாம்.’

‘மேலே வந்தால் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.’

இரண்டு நிமிஷம் போனது. பிறகு, ‘பெரிய மீன் ஒன்று போகிறது.’

‘போகட்டும். அதற்குக் கடைசித் தேதி இல்லை. நாஸியாவுக்கு ஐந்து மணி.’

பலகை கீழேயே நின்றுவிட்டது. எட்டி எட்டிப் பார்த்தேன். இவர் வாட்ச்சைப் பார்த்தார். பக்கத்தில் ஹரிஷ்குமார் தன் அட்டையைக் காட்டி இன்னும் நேரம் இருக்கிறது என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். பத்தாவது நிமிஷம் பலகை வந்தது.

‘கோயம்புத்தூர் தூரம்.’

‘நாற்பத்தைந்து மீட்டரைவிடவா?’

பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. நான் இழுத்துப் பார்த்தேன். விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார் போல. பதினைந்தாவது நிமிஷம் தானாகவே இழுப்பு வந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

‘அவளும் போய்விட்டால் வீட்டில் யார்?’

பேயாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு தடவை எழுந்து போனாரே, ஒவ்வொரு தடவையும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். இட்லியோடு சேர்த்து.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. துடைத்தேன். ஒரே ஒரு சொல் எழுதினேன்.

‘நான்.’

பதினேழாவது நிமிஷம் பலகை மேலே வந்தது.

‘சரி.’

அதற்குக் கீழே இரண்டு கையெழுத்து. தவசி. ஹரிஷ்குமார். எங்கள் பக்கம் நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்டால் இரண்டு சாட்சி வேண்டும். நான் கேட்காமலே இரண்டு சாட்சியும் ஆறு மீட்டர் ஆழத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகையை நான் துடைக்கவில்லை. துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. இன்னொரு பலகையும் இருந்தது.

‘பின்சுவர் ஓதம்?’ - ‘சரி.’

‘அண்ணன் புது வீட்டுக்கு ஒரு நாள்?’ - ‘சரி.’

‘எனக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித்தர வேண்டும்.’ இதற்கு மட்டும் தவசியே பதில் எழுதிவிட்டார். ‘நான் சொல்லித் தருகிறேன் மதினி. அண்ணன் சரி என்கிறார்.’

பேராசை வேண்டாம் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மேலே வந்து, சிலிண்டரை இறக்கி, தேநீர் குடித்த பிறகுதான் இவருக்கு நாக்கு வந்தது.

“அமீரு, ஆழத்துல நைட்ரஜன் மயக்கம்னு ஒண்ணு உண்டு. புத்தகத்துலயே இருக்கு. குடிச்ச மாதிரி இருக்கும். அதுல எழுதினதெல்லாம் செல்லாது.”

“அது முப்பது மீட்டருக்குக் கீழதானே? நீங்க இருந்தது ஆறுல.”

“சிலருக்கு ஆறுலயும் வரும்.”

தவசி குறிப்பேட்டை எடுத்தார். “ஆறு மீட்டர்ல மயக்கம் வந்துச்சாண்ணே? அப்படின்னா எழுதிடறேன். ஆனா பாஸ் போட முடியாது. மறுபடி முதல்லருந்து வரணும்.”

இவர் தவசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். எழுந்து போக நாலா பக்கமும் கடல்.

“வரல,” என்றார்.

“எது?”

“மயக்கம். தெளிவாத்தான் இருந்தேன்.”

தவசி முத்திரை குத்தினார். அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னார்: “அந்தப் பதினஞ்சாவது நிமிஷம் முகமூடிக் கண்ணாடிக்குள்ள தண்ணி வந்திருச்சுன்னு அண்ணன் சைகை காட்டினாரு மதினி. வெளியிலருந்து வந்த மாதிரி தெரியல.”

துறைமுகம் நெருங்கும்போது மணி மூன்றே கால். போனில் சிக்னல் வந்தது. நான் நாஸியாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு இவர் கையில் கொடுத்தேன்.

“அத்தா?”

“ம்.”

“நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன் தாயி. நாப்பத்தஞ்சு மீட்டர்.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்த கோயம்புத்தூர் ஆளுகளுக்குச் சரின்னு அனுப்பு. நானே கொண்டுவந்து விடுறேன்.”

அந்தப் பக்கம் நாஸியா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மலையம்மாள் குரல்தான் கேட்டது. “சொல்லிட்டாகளா? அண்ணேயா? வாயாலயா?”

ஞாயிற்றுக்கிழமை காரில் திரும்பினோம். இவர் முன்சீட்டில். பாஸ் பண்ணின மனிதருக்கு வாய் மூடவில்லை. தன் டைவை முதலிலிருந்து எழுதி வைக்கப்போகிறேன் என்று நிமிஷக் கணக்கு அட்டவணைப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் மடியில் விரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கையாலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அருப்புக்கோட்டை தாண்டும்போது பேச்சு நின்றது.

“அமீரு.”

“என்னங்க?”

“நான் போட்டா ஆறு மீட்டர்ல பன்னெண்டு நிமிஷம்தான் வருது.”

“இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.”

போட்டார். விரல் விட்டு எண்ணினார். “பன்னெண்டுதான்.”

“நல்லாப் போட்டிருக்கீக. இப்பத்தான் பாடம் புரிஞ்சிருக்கு.”

“நீ இருபத்திரெண்டுன்னு எழுதியிருக்க. தவசி தம்பி கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“கூடுதலா நின்னா உடம்புக்கு நல்லதுதான், காத்தும் தாராளமா இருக்குன்னு சொன்னாரு.”

“டாக்டர், நீங்களும் பாத்தீங்களா?”

“வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன் அண்ணே,” என்றார் ஹரிஷ்குமார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இவர் குறிப்பேட்டில் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார். “நான் சரின்னு எழுதினது எத்தனாவது நிமிஷம்?”

“பதினேழு,” என்றேன்.

“அப்ப பன்னெண்டுலயே நான் மேல வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாம்.”

“அப்புறம் எதுக்கு அந்தப் பத்து நிமிஷம்?”

“பன்னெண்டு, உங்க ரத்தத்துலருந்து நைட்ரஜன் வெளிய வர. பத்து, உங்ககிட்டருந்து ஒரு ‘சரி’ வெளிய வர.”